ஒரு தட்டில் இரு குடி



ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகளை வைத்துக்கொண்டு, கோப்புகளுக்குச் சேதம் வராமல் இரண்டிலிருந்தும் அவற்றை எடுத்தாளுவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கேட்டவுடன், இது பிள்ளைகளின் சங்கதி, நமக்கென்ன இதில் என்று முன்வரிசைப் பெரியோர்கள் எழுந்துவிடலாகாது. காணிப் பங்கும் வேலி எல்லையும் பங்குக் கிணற்று முறையும் அறிந்தவர்களுக்கு இப்பொருள் இளைஞர்களுக்கு விளங்குவதிலும் விரைவாக விளங்கும். அன்றியும், இன்று அந்தத் தட்டுகளுக்குள் இருப்பவை இளைஞர்களின் விளையாட்டுகள் மாத்திரமல்ல. காணி உறுதிகளின் படப்பிரதிகள் இருக்கின்றன. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய படங்கள் இருக்கின்றன. மறைந்துபோன தாய் தந்தையரின் குரல் பதிந்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. இவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதி எங்குமில்லை.

பணிசெயல் முறைமை என்பது நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் சொல். தமிழகத்தார் இயங்குதளம் என்பர். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே. கணினியைத் திறந்ததும் முதலில் விழித்தெழுந்து, திரையையும் விசைப்பலகையையும் தட்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஏனைய மென்பொருள்களுக்கு வேலை பங்கிட்டுக் கொடுக்கும் மணியகாரர் அது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் ஒன்று. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்து, பின்னர் உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் கூடிக் கட்டியெழுப்பிய லினக்ஸ் மற்றொன்று.

இதனை இப்பொழுது பேச வேண்டிய காரணம் யாது? 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு அந்நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் காப்பு அமைப்பையும் அண்மைக்காலச் செயலியையும் கேட்கிறது. நம் வீடுகளில் உள்ள பழைய லப்டொப்களிற் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. பொறி நன்றாக ஓடுகிறது, ஆயினும் முறைமை கைவிட்டுவிட்டது. புதியதொன்று வாங்குவது எல்லோர்க்கும் இயல்வதன்று. ஆகவே இளைஞர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலிய லினக்ஸ் வகைகளை இலவசமாக இறக்கிப் பழைய பொறிகளில் நிறுவுகிறார்கள். இது மெச்சத்தக்க செயலே. ஆனால் விண்டோஸை அடியோடு விட்டுவிட மனம் வருவதில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்களைத் திறக்க அது வேண்டும் என்பார் ஒருவர். கடைக் கணக்கு மென்பொருள் அதிலேதான் ஓடும் என்பார் வேறொருவர். எனவே ஒரே தட்டில் இரண்டு குடிகளும் குடியேறுகின்றன. குடியேறுவது எளிது. கூடி வாழ்வதிலேதான் சிக்கல்.

இனிக் காணிக்கு வருவோம். வன்தட்டு என்பது ஒரு துண்டு நிலம் என்று கொள்ளுங்கள். அதனைப் பங்குகளாகப் பிரித்து இடையே வேலி அடைக்கிறோம். கணினியாளர் அப்பங்குகளைப் பிரிவுகள் என்பர். எந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைத்த ஏடு ஒன்று தட்டின் தலைப்பில் இருக்கிறது. பறங்கியரும் ஒல்லாந்தரும் நம் குடாநாட்டுக் காணிகளுக்குத் தோம்பு எழுதிவைத்தார்கள் அல்லவா? இது தட்டின் தோம்பு. பழைய முறைத் தோம்பு தட்டின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கியது. நான்கு முதன்மைப் பங்குகளுக்கு மேல் அதில் எழுத இடமில்லை. ஜி.பி.ரி. என்னும் புதிய முறையில் தட்டின் தலைப்பில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று சிதைந்தால் மற்றதைக் கொண்டு மீட்கலாம். நல்ல ஏற்பாடு.

இதற்கு மேல், ஒவ்வொரு பங்குக்குள்ளும் பொருளை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை ஒன்று உண்டு. இன்ன கோப்பு இன்ன அறையில், இன்னின்ன அறைகள் வெறுமை என்று எழுதும் முறை அது. விண்டோஸின் கணக்கு முறைக்கு என்.ரி.எப்.எஸ். என்று பெயர். 1993ஆம் ஆண்டு விண்டோஸ் என்.ரி.யுடன் வந்தது. லினக்ஸ் பெரும்பாலும் கையாளும் முறை எக்ஸ்ற் 4. அது 2008ஆம் ஆண்டு நிலைபெற்றது. இவ்விரண்டும் இரண்டு பாஷையில் எழுதிய கணக்குகள். விண்டோஸுக்கு இயல்பாக எக்ஸ்ற் 4 வாசிக்கத் தெரியாது. லினக்ஸோ என்.ரி.எப்.எஸ். கணக்கை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டிருக்கிறது. அது கற்றவிதம் ஒரு தனிக் கதை. மைக்ரோசொப்ட் தன் கணக்கு முறையின் முழு விபரத்தை வெளியிடாதபடியால், தட்டில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்துப் பார்த்தே அதனை விளங்கிக்கொண்டார்கள். 2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்.ரி.எப்.எஸ்.-3ஜி என்னும் செலுத்தி நிலையான பதிப்பாக வெளிவந்தது. அதன்பின்னரே சாதாரண மக்கள் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பங்கில் துணிந்து எழுதத் தொடங்கினார்கள். 2021இல் லினக்ஸின் கருநிரலிலேயே, அதன் 5.15ஆம் பதிப்பில், வேறொரு செலுத்தியும் சேர்ந்தது.

ஆகவே லினக்ஸ் விண்டோஸின் வீட்டுக்குள் போகும், விண்டோஸ் லினக்ஸின் வீட்டுக்குள் வராது. வேலியிலே ஒரு பக்கத்தார் மட்டும் போய்வரும் பொட்டு என்று சொல்லலாம். சேதம் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பொட்டின் வழியாகத்தான்.

எங்ஙனம் வருகிறது என்று பார்ப்போம். ஒரு பங்குக் கிணற்றை எண்ணிக்கொள்ளுங்கள். தமையனும் தம்பியும் முறை வைத்து வாழைக்கு இறைக்கிறார்கள். தோட்டத்துக் கொட்டிலில் ஒரு கொப்பி தொங்குகிறது. யார் எவ்வளவு நேரம் இறைத்தார், எந்த வாய்க்கால் திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்பதெல்லாம் அதிலே எழுதப்படும். தமையன் தன் முறை முடிந்ததும் கொப்பியைப் பூரணமாக எழுதி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் தம்பிக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் தமையன் பாதிக் கணக்கை மனத்திலே வைத்துக்கொண்டு கொட்டிலிலேயே கண்ணயர்ந்துவிட்டார் என்று வையுங்கள். தம்பி வருகிறார். ஆள் போய்விட்டார் என்று நினைக்கிறார். கொப்பியைப் பார்த்து, அதிற் கண்டபடி வாய்க்காலைத் திருப்பி, தாமும் நான்கு வரி எழுதிவிட்டுப் போகிறார். பிறகு தமையன் விழிக்கிறார். தம்பி எழுதியதை அவர் பார்ப்பதில்லை. தாம் நித்திரைக்குப் போகுமுன் மனத்தில் இருந்த கணக்கையே அந்த வரிகளின் மேல் எழுதுகிறார். கொப்பி இப்பொழுது எவருக்கும் உதவாது.

2012ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8 தொடக்கம் விண்டோஸ் செய்வது இதுவே. அதற்கு விரைவுத் தொடக்கம் என்று பெயரிட்டார்கள். திரையிலே ‘பாஸ்ட் ஸ்டாட்டப்’ என்று காணப்படும். நீங்கள் ‘ஷட் டவுன்’ என்று கட்டளை கொடுத்ததும் உங்கள் மென்பொருள்கள் மூடப்படுகின்றன. விளக்கு அணைகிறது, விசிறி நிற்கிறது. ஆனால் முறைமையின் உயிர்நாடியாகிய கருநிரல் மூடப்படுவதில்லை. அதன் நினைவை அப்படியே ஒரு கோப்பில் ஊற்றித் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணயர்கிறது. மறுநாள் பொத்தானை அழுத்தும்போது புதிதாகப் பிறவாமல் அந்த நினைவை எடுத்துக்கொண்டே எழுகிறது. சில விநாடிகள் மிச்சம். விண்டோஸ் ஒன்றே இருக்கும் கணினியில் இதனாற் கேடு ஒன்றுமில்லை. இரண்டு குடி இருக்கும் கணினியிலோ, ‘அணைத்துவிட்டோம்’ என்று நீங்கள் நம்பிய நேரத்தில் அது அணைந்திருக்கவில்லை.

இடையிலே லினக்ஸைத் திறந்து, விண்டோஸின் பங்குக்குள் ஒரு கோப்புறையை நகர்த்துகிறீர்கள், இரண்டு படங்களை அழிக்கிறீர்கள், ஒரு பாட்டைச் சேர்க்கிறீர்கள். பின்னர் விண்டோஸ் எழுந்து, தன் பழைய நினைவின்படி அட்டவணையை எழுதுகிறது. சேர்த்த பாட்டைக் காணோம். அழித்த படத்தின் பெயர் இருக்கிறது, உள்ளே வேறு எதுவோ இருக்கிறது. சில வேளைகளில் தொடாத கோப்புறையும் சேர்ந்து கெடும். இதிலே கொடுமை யாதெனில், சேதம் உடனே தெரிவதில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் உறுதியின் பிரதியைத் திறக்கும்போதுதான் தெரியும்.

லினக்ஸார் இதனை அறியாதவர்கள் அல்லர். என்.ரி.எப்.எஸ்.-3ஜி செலுத்தி, விண்டோஸ் கண்ணயர்ந்திருப்பதைக் கண்டால் அந்தப் பங்கை வாசிக்க மட்டும் திறந்துவிட்டு எழுத மறுக்கிறது. இது காவல். நம் பிள்ளைகளோ இதனை இடையூறு என்று எண்ணுகிறார்கள். இணையத்திலே தேடுகிறார்கள். ‘நித்திரைக் கோப்பை அழித்துவிட்டுத் திற’ என்னும் ஒரு வரிக் கட்டளை அகப்படுகிறது. அடித்ததும் பங்கு திறக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்கிறார்கள். அந்தக் கட்டளை செய்ததென்ன? நித்திரையில் இருந்தவர் மனத்திலே வைத்திருந்த கணக்கைக் கிழித்தெறிந்தது. விண்டோஸில் ‘ஹைபர்னேற்’ செய்து, மூடாத ஆவணம் ஏதும் திறந்திருந்தால் அது போனது போனதுதான். எழுத மறுக்கிறதென்றால், திரும்பிப்போய் விண்டோஸைத் திறந்து ஒழுங்காக மூடிவிட்டு வருவதே வழி. இரண்டு நிமிட வேலை.

ஒழுங்காக மூடுவது எவ்வாறு? விண்டோஸின் கன்ட்ரோல் பனலில் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ என்னும் இடத்துக்குப் போய், மின்பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிவுசெய்யும் பக்கத்தில் ‘பாஸ்ட் ஸ்டாட்டப்’ என்பதன் எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுக. ஒரு முறை செய்தாற் போதும். ஆயினும் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தபின் போய்ப் பார்த்துக்கொள்வது நன்று. பிறருடைய கணினியில் இருக்கும்போது அமைப்பை மாற்ற விருப்பமில்லையாயின், ‘ஷிப்ட்’ விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அந்த ஒரு முறை முழுமையாக மூடும். ‘றீஸ்டாட்’ கொடுத்தாலும் அப்படியே. பலருக்கு இது வியப்பாக இருக்கும். மறுதொடக்கம் என்பது முழுமையாக மூடித் திறப்பது. மூடுதல் என்பதோ பாதி மூடுவது! பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுபுறத்துக் குற்றமும் உண்டு. லினக்ஸையும் நினைவோடு நித்திரைக்கு அனுப்பலாம். பொதுப் பங்கு திறந்திருக்கையில் லினக்ஸை அவ்வாறு கிடத்திவிட்டு விண்டோஸில் அந்தப் பங்கிலே எழுதினால், தமையனும் தம்பியும் இடம் மாறுகிறார்களேயன்றிக் கொப்பி கெடுவது ஒன்றே. இதனை லினக்ஸ் அன்பர்கள் பேசுவது குறைவு.

அடுத்து, பங்குகளை எவ்வாறு வகுப்பது? விண்டோஸ் குடியிருக்கும் சி என்னும் பங்கை லினக்ஸிலிருந்து வாசிக்க மட்டும் திறப்பதாக அமைத்துவிடுவதே நமது கருத்து. அங்கே எழுதவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. இருவரும் எழுதவேண்டிய படம், பாட்டு, ஆவணம் ஆகியவற்றுக்கென மூன்றாவது பங்கு ஒன்று பிரித்து, அதற்கு இரண்டு முறைமைகளிலும் ஒரே பெயர் தெரியும்படி அடையாளப் பெயர் இட்டுவிடுக. விண்டோஸ் டி என்று சொல்லும் பங்கை லினக்ஸ் வேறு எண்ணிட்டு அழைக்கும். எழுத்தையும் எண்ணையும் நம்பி வேலை செய்தவர்கள் பிழையான பங்கை அழித்ததுண்டு. விண்டோஸ் பங்கைச் சுருக்கி இடம் எடுப்பதாயின் விண்டோஸின் சொந்தக் கருவியைக் கொண்டே சுருக்குக. லினக்ஸை நிறுவும்போது, ‘தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்றொரு தெரிவு கண்முன்னே வந்து நிற்கும். அது நிலத்தை முழுவதும் உழுதுவிடும். நூறு மெகாபைட் அளவில் பெயரற்ற சிறு பங்கு ஒன்றும் காணப்படலாம். பயனற்றதென்று அதனை நீக்கலாகாது. இரண்டு குடியும் உள்ளே போகும் ஒழுங்கை அதுவே.

மூன்றாவது பங்குக்கு எந்தக் கணக்கு முறை? பழைய பாட் 32 ஆகாது. அதிலே ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டும். ஒரு கலியாண வீட்டு வீடியோ அதற்குள் அடங்காது. எக்ஸ்பாட் என்பது இரண்டு முறைமைக்கும் விளங்கும். 2019இல் மைக்ரோசொப்ட் அதன் விபரத்தை வெளியிட்டபின் லினக்ஸ் கருநிரலிலும் சேர்ந்துவிட்டது. பென்டிரைவுக்கு அது நன்று. ஆனால் கணினிக்குள் இருக்கும் பங்குக்கு என்.ரி.எப்.எஸ்.ஸே மேல் என்று நாம் சொல்வோம். காரணம் மின்சாரம். என்.ரி.எப்.எஸ்., எக்ஸ்ற் 4 இரண்டும் அட்டவணையை மாற்றுமுன், இன்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்று ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டே செய்கின்றன. இடையில் மின் நின்றாலும் குறிப்பைப் பார்த்து அட்டவணையை ஒழுங்குசெய்துகொள்ளும். எக்ஸ்பாட்டில் அந்த நாட்குறிப்பு இல்லை. 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த நாடு இது. 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. மின்கலம் கெட்டுப்போன பழைய லப்டொப்பில் வேலை செய்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விண்டோஸுக்கு எக்ஸ்ற் 4 வாசிக்கத் தெரியாது என்றோம். அதிலிருந்து ஒரு பெரும் ஆபத்து வருகிறது. லினக்ஸில் நிரப்பிய வெளித்தட்டு ஒன்றை விண்டோஸ் கணினியிற் செருகினால், ‘இத்தட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கவா?’ என்று பணிவோடு ஒரு வினா எழும். தனக்குத் தெரியாத பாஷையில் எழுதிய ஏட்டைக் கண்டு, இது வெறுங்கடதாசி, கழுவித் தரவா என்று கேட்பது போன்றது இது. ஆம் என்று அழுத்தியவர்கள் பலர். வேண்டாம் என்பதே விடை. வீட்டிலே முதியோரும் சிறுபிள்ளைகளும் கணினியைத் தொடுவார்களாயின், அத்தட்டின் மேல் ஒரு கடதாசித் துண்டு ஒட்டி ‘லினக்ஸ் தட்டு, வடிவமைக்கலாகாது’ என்று எழுதிவிடுங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் வசதி ஒன்று இப்போது உண்டு. அதன் மூலம் எக்ஸ்ற் 4 தட்டைத் திறக்கலாம். ஆனால் அது முழுத்தட்டாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் தான் குடியிருக்கும் தட்டின் ஒரு பங்கை மட்டும் அதற்குக் கொடுக்காது. ஒற்றைத் தட்டு லப்டொப்காரருக்கு அதனாற் பயன் இல்லை.

பெயரிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் எழுதுவோர்க்கென்றே சில சங்கடங்கள் இதில் உண்டு. கோப்பின் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி முதலியவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பொதுப் பங்கில் அப்படிப்பட்ட பெயர் இருந்தால் விண்டோஸிலே கோப்பு கண்ணுக்குத் தெரியும், திறக்க மறுக்கும். ஆங்கிலப் பெயரிற் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் லினக்ஸ் வேறாகக் கொள்ளும், விண்டோஸ் ஒன்றாகக் கொள்ளும். தமிழில் அந்த வேறுபாடே இல்லாதபடியால் தமிழ்ப் பெயர் இட்டவனுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் நீளத்திலே கவலை உண்டு. என்.ரி.எப்.எஸ். ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகிறது. எக்ஸ்ற் 4 தருவதோ 255 பைட்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. யுனிகோட்டில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு. ‘நீர்வேலி’ என்று எழுதினால் எழுத்து நான்கு, குறியீடு எட்டு, பைட்டு இருபத்துநான்கு. ஆகவே நாற்பது எழுத்துக்குச் சற்று மேலே போனதும் லினக்ஸ் பங்கு நிறைந்துவிடும். விண்டோஸில் நீண்ட தமிழ்த் தலைப்பிட்டுச் சேமித்த கட்டுரைகளை லினக்ஸ் பங்குக்குப் படியெடுக்கும்போது சில மட்டும் வராமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். எல்லாம் வந்துவிட்டன என்று நினைத்து மூலத்தை அழித்தவனுக்கு எவரும் ஆறுதல் சொல்ல முடியாது. இன்னொன்று: ‘கொ’ என்னும் எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் ஆக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு வேறு. ஒரே கோப்புறைக்குள் ‘கொழும்பு’ என்னும் பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்பதைக் கண்டால் மிரள வேண்டாம். எதையும் அழிக்குமுன் இரண்டையும் திறந்து பாருங்கள்.

கடிகாரச் சண்டை வேறு. கணினிக்குள் சிறு மின்கலத்தில் ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது. உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் கொள்கிறது. லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் காலை எட்டு மணி பின்னிரவு இரண்டரையாகத் தெரியும். ஐந்தரை மணி வித்தியாசம். 1996இல் நம் நாட்டு நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரைக்கே கொண்டுவந்தார்கள். ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று கேட்டுக் கேட்டே காரியம் பார்த்த காலத்தைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே குழப்பம் இங்கே. நேரம் பிழைத்தாற் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு பிரதிகளில் எது புதியதோ அதனை வைத்துக்கொண்டு பழையதன் மேல் எழுதும் மென்பொருள்கள் உண்டு. பிழையான நேரம் பதிந்த கோப்பு, புதியதாயிருந்தும் பழையதாய்த் தோன்றி அழிக்கப்படும். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையால், கடிகாரம் உள்ளூர் நேரம் காட்டுவதாகக் கொள்ளும்படி செய்துவிடலாம். நிறுவிய அன்றே செய்துவிட வேண்டிய வேலை.

புதிய லப்டொப் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 பல பொறிகளில் தட்டைத் தானாகவே பூட்டி வைக்கிறது. 2024இன் பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டிய பங்கை லினக்ஸ் திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் வேண்டும். தொடக்க அமைப்புகளில் கை வைத்தால் விண்டோஸே அந்த இலக்கத்தைக் கேட்டு நிற்கும். அத்திறவுகோல் பெரும்பாலும் பொறியை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கிலே இருக்கும். அமைத்துக் கொடுத்தவர் தம் மின்னஞ்சலையே கொடுத்திருந்தாரானால், உங்கள் வீட்டுத் திறப்பு அவரிடத்தில் இருக்கிறது என்பது பொருள். லினக்ஸை நிறுவ நினைக்குமுன் அந்த நாற்பத்தெட்டு இலக்கத்தையும் தேடி எடுத்துக் கொப்பியில் எழுதி, உறுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

பிரதி எடுப்பதைப் பற்றி இந்த ஊரவருக்குச் சொல்லத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தார் நம்மவர் நூல்களையும் மலர்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் ஒன்றை மட்டும் பிழையாக விளங்கிக்கொள்ளலாகாது. சி பங்கில் ஒன்றும் டி பங்கில் ஒன்றுமாக வைப்பது இரண்டு பிரதியன்று. இரண்டும் ஒரே நிலத்தில் நிற்கும் இரண்டு வீடுகள். தட்டு ஒன்று பழுதானால் இரண்டும் போம். வேறு தட்டில், வேறு வீட்டில் இருப்பதே பிரதி.

ஈற்றிலே, ஏற்கெனவே கெட்டுவிட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலாவது, அந்தப் பங்கில் மேலும் எதையும் எழுதாதிருங்கள். எழுதுந்தோறும் மீட்கும் வாய்ப்புக் குறைகிறது. அதனை வாசிக்க மட்டும் திறந்து, எடுக்கக்கூடியதை எல்லாம் வேறொரு தட்டுக்கு எடுத்துவிடுங்கள். மிக முக்கியமானவை இருந்தால் பங்கு முழுவதையும் அச்சாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் பரிசோதனை செய்யுங்கள். அதன்பின்னரே திருத்தம். என்.ரி.எப்.எஸ். பங்கைத் திருத்துவதற்கு உரியது விண்டோஸின் சொந்தச் சோதனைக் கருவியே. லினக்ஸில் அதற்கென்று சொல்லப்படும் கருவி சிறு குறைகளை நீக்கி, அடுத்த முறை விண்டோஸ் வந்து சோதிக்கட்டும் என்று குறித்துவைப்பதோடு நிற்கிறது. எக்ஸ்ற் 4 பங்கைத் திருத்துவது லினக்ஸுக்கு உரியது. அதுவும் அந்தப் பங்கு திறந்திராத வேளையில் மட்டும். சில வேளைகளிற் கோப்புகளுக்கு ஒன்றும் நேராமலே கணினி எழாதிருப்பதும் உண்டு. 2024 ஆகஸ்டில் விண்டோஸின் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, இரு குடிக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமற் செய்தது. பங்குகள் அப்படியே இருந்தன, வாயில் மட்டுந்தான் அடைபட்டது. அப்படியான வேளையில் லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு உள்ளே பார்த்தால் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் ஆறுதலாக வாயிலைத் திருத்தலாம்.